பத்து ஞாயிறுகளில் ஒரு காலப்பயணம்: 'சம்விதான்' தொடரைத் திரும்பிப் பார்க்கையில்

புது தில்லி: 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை பிற்பகல். ஆந்திரப் பிரதேசத்தைப் பிரித்துத் தெலங்கானாவை உருவாக்கும் மசோதாவை மக்களவை எடுத்துக்கொண்டிருந்தது. அவையின் கதவுகள் அடைக்கப்பட்டன. வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தவர்களுக்கோ எதுவுமே தெரியவில்லை. மக்களவைத் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பு நின்றுபோயிருந்தது. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறிய பிறகே ஒளிபரப்பு மீண்டும் வந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கத்தை எதிர்க்கட்சிகளில் பலரும் ஏற்கவில்லை.

அதற்கு 5 நாள்கள் முன்பு, பிப்ரவரி 13 அன்று, அதே அவையில் விஜயவாடா உறுப்பினர் லகடபாடி ராஜகோபால் மிளகுப்பொடி தெளித்தார். இருமலும் கண்ணெரிச்சலுமாக உறுப்பினர்கள் வெளியே ஓடினர். சிலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 15-ஆவது மக்களவை பிப்ரவரி 21 அன்று கடைசி முறையாகக் கூடிக் கலைந்தது.

இந்தக் களேபரம் ஓய்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை காலை, நாடாளுமன்றத்தின் மற்றோர் அவையான மாநிலங்களவை நடத்திவந்த தொலைக்காட்சி, ஒரு நாடகத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. அதிலும் உறுப்பினர்கள் எழுந்து நின்று பேசினார்கள், மறுத்தார்கள், கோபப்பட்டார்கள். ஆனால் அவர்கள் பேசியது 1946 முதல் 1949 வரையிலான மூன்றாண்டுகளில். தொடரின் பெயர் 'சம்விதான்', அதாவது அரசியல் சாசனம். மொத்தம் பத்தே அத்தியாயங்கள். வாரம் ஒன்றாக வந்து, பொதுத் தேர்தல் பரபரப்பின் நடுவே அது முடிந்துபோனது. தேர்தல் அட்டவணை மார்ச் 5 அன்று அறிவிக்கப்பட்டது. முதல் அத்தியாயம் வந்த மூன்றாம் நாளே நாட்டின் கவனம் முழுவதும் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

காலப்பயணம் என்றதும் விசித்திரமான இயந்திரமும், அதில் ஏறி முற்காலத்துக்குப் போகும் நாயகனும்தான் நினைவுக்கு வருவார்கள். 'சம்விதான்' தொடரில் அப்படி எந்த இயந்திரமும் கிடையாது. நிகழ்காலத்திலிருந்து பேசும் தொகுப்பாளராக நடிகை ஸ்வரா பாஸ்கர் வருகிறார். பார்வையாளரின் கையைப் பிடித்து 1946-ஆம் ஆண்டு டிசம்பருக்குள் அழைத்துப் போகிறார், இடையிடையே இன்றைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார். பயணத்துக்கு உதவிய வாகனம் ஒன்றே ஒன்று: அரசியல் நிர்ணய சபையின் விவாதப் பதிவுகள். சுருக்கெழுத்தர்கள் எழுதிவைத்து, பிறகு 12 தொகுதிகளாக அச்சான அந்தப் பதிவுகள் இல்லையெனில் இந்தத் தொடரே இல்லை. அந்தச் சபையின் அமர்வுகள் முழுமையாகப் படம் பிடிக்கப்படவில்லை. 165 நாள்கள் நடந்த விவாதத்தை இன்று ஒருவர் காண வேண்டுமென்றால், காகிதத்தில் இருப்பதை நடிகர்களைக் கொண்டு எழுப்பிக்காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெனகலும் நாடாளுமன்றமும்

தொடரை இயக்கியவர் ஷியாம் பெனகல். 2006 முதல் 2012 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தவர். ஆகவே மைய மண்டபத்தை ஓர் இயக்குநரின் கண்ணால் மட்டுமன்றி, அங்கே ஆறாண்டுகள் நடமாடியவரின் கண்ணாலும் அவர் அறிந்திருந்தார். ஷமா ஜைதியும் அதுல் திவாரியும் திரைக்கதை எழுதினர். வரலாற்றைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவருவது பெனகலுக்குப் புதிதன்று. ஜவாஹர்லால் நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' நூலை அடிப்படையாகக் கொண்டு 1988-இல் தூர்தர்ஷனுக்காக 'பாரத் ஏக் கோஜ்' என்ற 53 அத்தியாயத் தொடரை எடுத்தவர் அவர். அதிலே ஐயாயிரம் ஆண்டுகளை 53 வாரங்களில் கடந்தார். 'சம்விதான்' தொடரிலோ மூன்றே ஆண்டுகளைப் பத்து அத்தியாயங்களில் சொன்னார். கணக்கிட்டுப் பார்த்தால் பின்னதில்தான் காலம் மெதுவாக நகர்ந்தது. அதனால்தான் ஒரு வாதத்தின் தொடக்கத்தையும் திருப்பத்தையும் முடிவையும் காட்ட அவரால் முடிந்தது.

தொடரைத் தயாரித்த மாநிலங்களவைத் தொலைக்காட்சி 2011 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அப்போது மாநிலங்களவைத் தலைவராக இருந்தவர் குடியரசு துணைத் தலைவர் ஹமீது அன்சாரி. அவை நடவடிக்கைகளை நேரடியாகக் காட்டுவது மட்டுமே ஒரு நாடாளுமன்றத் தொலைக்காட்சியின் வேலை என்று கருதியிருந்தால், இப்படியொரு தொடருக்கு அங்கே இடமிருந்திருக்காது. தனியார் தொலைக்காட்சிகளின் விளம்பரக் கணக்கிலும் இது அடங்கியிருக்காது. சொத்துரிமைக்கு இழப்பீடு தருவது குறித்து இரண்டு வழக்குரைஞர்கள் வாதிடும் காட்சிக்கு எந்த நிறுவனம் விளம்பரம் தரும்?

நடிகர் தேர்வில் பெனகல் காட்டிய துணிவு குறிப்பிடத்தக்கது. 2005-இல் அவரது படத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸாக நடித்த சச்சின் கேடேகர், இதில் டாக்டர் அம்பேத்கர். சிலையாகவும் சுவரொட்டியாகவும் பழகிப்போன அம்பேத்கரை, குறிப்புத் தாள்களைப் புரட்டியபடி எதிர்வாதங்களுக்குச் சலிக்காமல் பதில் சொல்லும் மனிதராக அவர் நிறுத்திக்காட்டினார். நேருவாக தலீப் தாஹில். அட்டன்பரோவின் 'காந்தி' படத்திலும் 'பாரத் ஏக் கோஜ்' தொடரிலும் ரோஷன் சேத்தை நேருவாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு, தாஹிலை ஏற்கச் சற்று நேரம் பிடிக்கும். மௌலானா ஆசாதாக வந்த டாம் ஆல்டர், அதே பாத்திரத்தை மேடையில் தனியொருவராக நடித்துப் பெயர் பெற்றவர். ஜின்னாவாக நரேந்திர ஜா, படேலாக உத்கர்ஷ் மஜும்தார், காந்தியாக நீரஜ் கபி. ஆல்டர் 2017-லும் நரேந்திர ஜா 2018-லும் மறைந்துவிட்டனர்.

காந்தி அந்தச் சபையின் உறுப்பினரே அல்லர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சபை கூடிய முதல் நாளன்று அவர் தில்லியிலும் இல்லை, கலவரத்தால் சிதைந்த நவகாளியில் இருந்தார்.

முடிவு தெரியாதவர்கள்

காலப்பயணக் கதைகளுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. பயணிக்கு முடிவு தெரியும், அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியாது. 'சம்விதான்' தொடரின் பலமும் இதில்தான் இருக்கிறது.

1946 டிசம்பர் 9, திங்கள்கிழமை. பிற்பாடு நாடாளுமன்ற மைய மண்டபம் என்று பெயர் பெற்ற அரங்கில் 207 உறுப்பினர்கள் கூடினர். அவையின் மூத்தவரான சச்சிதானந்த சின்ஹா தாற்காலிகத் தலைவர். முஸ்லிம் லீக் வரவில்லை. அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் காலியாகக் கிடந்தன. இன்னும் எட்டே மாதங்களில் நாடு இரண்டாகும் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. தாங்கள் எழுதப்போவது லாகூரும் டாக்காவும் அடங்கிய நாட்டுக்கான சாசனமா என்பதுகூட உறுதியில்லை. ஆங்கிலேயர் எப்போது வெளியேறுவர் என்பதற்குத் தேதி குறிக்கப்படவில்லை.

டிசம்பர் 13 அன்று நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிகிறார். பெரும்பான்மை கையில் இருந்தது, அன்றே நிறைவேற்றியிருக்கலாம். ஆனால் வராதவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எம்.ஆர். ஜெயகர் திருத்தம் கொண்டுவந்தார். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. டிசம்பர் 17 அன்று, அம்பேத்கர் எதிர்பாராமல் பேச அழைக்கப்பட்டார். காங்கிரஸை ஆண்டுக்கணக்கில் கடுமையாக விமர்சித்து வந்தவர் என்ன சொல்வாரோ என்று அவை காத்திருந்தது. தீர்மானத்தை நிறைவேற்ற அதிகாரம் இருக்கிறது என்பதற்காக உடனே நிறைவேற்றுவது விவேகம் ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டு 1947 ஜனவரி 22 அன்றுதான் ஏற்கப்பட்டது. லீக் அப்போதும் வரவில்லை.

காத்திருந்ததால் லாபம் என்ன என்று கேட்கலாம். லீக்கைப் பொருத்தவரை லாபமில்லைதான். ஆனால் அந்த ஒரு மாதக் காத்திருப்பு, சபை எப்படி நடந்துகொள்ளப்போகிறது என்பதை உறுப்பினர்களுக்கே உணர்த்திவிட்டது. அம்பேத்கரையும் காங்கிரஸ் தலைவர்கள் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினர். வங்காளத்திலிருந்து தேர்வான அவரது இடம் பிரிவினையோடு பறிபோனபோது, ஜெயகர் விலகியதால் காலியான பம்பாய் இடத்தில் 1947 ஜூலையில் அவரைத் தேர்ந்தெடுத்து மீண்டும் அழைத்துவந்தது காங்கிரஸ்தான். ஆகஸ்ட் 29 அன்று அமைந்த ஏழு பேர் கொண்ட வரைவுக் குழுவுக்கு அவர் தலைவரானார்.

அம்பேத்கர் மட்டுமே சாசனத்தை எழுதினார் என்பதும், அவர் வெறும் குழுத் தலைவர்தான் என்பதும் இன்றைய அரசியல் மேடைகளில் எதிரெதிராக நின்று மோதும் இரண்டு கூற்றுகள். இதற்கான விடை 1948 நவம்பர் 5 அன்று சபையிலேயே பதிவாகியிருக்கிறது. சொன்னவர் சென்னை மாகாண உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாசாரி. வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் வேறு அரசுப் பணியில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் தில்லியை விட்டு வெகு தொலைவில் இருந்தனர், ஆகவே பாரம் முழுவதும் அம்பேத்கர் தோளிலேயே இறங்கியது என்று அவர் விவரித்தார். குழுவில் இறந்தவரின் இடத்துக்குப் பின்னர் வந்தவரும் அதே டி.டி.கே.தான். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் என். கோபாலசாமி ஐயங்காரும் தொடக்கத்திலிருந்தே குழுவில் இருந்தவர்கள்.

தமிழ் வாசகர் தேடும் பக்கம்

அரசியலில் ஆர்வமுள்ள தமிழர் ஒருவர் இந்தத் தொடரைப் பார்த்தாலும், விவாதப் பதிவைப் புரட்டினாலும், முதலில் தேடுவது மொழிப் பிரச்னையைத்தான். அது எங்கோ கடைசியில் வந்த விவகாரம் என்று நினைப்பவர்கள், சபையின் இரண்டாம் நாள் பதிவைப் படிக்க வேண்டும். 1946 டிசம்பர் 10. ஐக்கிய மாகாணத்தைச் சேர்ந்த ஆர்.வி. துலேகர் இந்துஸ்தானியில் பேசத் தொடங்குகிறார். பல உறுப்பினர்களுக்கு அந்த மொழி தெரியாது என்று தலைவர் சின்ஹா சுட்டிக்காட்டுகிறார். அது தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்கவே உரிமையில்லை என்ற பொருள்பட துலேகர் பதிலளிக்கிறார். சாசனத்தின் ஒரு வரிகூட எழுதப்படாத நாளில் நடந்தது இது.

டி.டி.கே. 1948 நவம்பர் 5 அன்று பேசியதன் மறுபாதி இங்கேதான் பொருந்துகிறது. அம்பேத்கரைப் பாராட்டிய அதே உரையில், மொழி ஆதிக்கம் குறித்து அவர் எச்சரித்தார். இந்தியைத் திணிக்கும் போக்கு தெற்கே பிரிவினை எண்ணம் கொண்டவர்களுக்கே வலு சேர்க்கும், முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாண நண்பர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அவர் பேச்சின் சாரம். பேசியவர் பிரிவினைவாதியல்லர். பின்னாளில் நேருவின் அமைச்சரவையில் நிதியமைச்சரானவர்.

இறுதி மோதல் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை மூன்று நாள்கள். திருத்தங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்திருந்தன. விவாதம் தொடங்குமுன் தலைவர் ராஜேந்திர பிரசாத் அவையிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். பெரும்பான்மை வாக்கால் இங்கே ஒரு முடிவை எடுத்துவிடலாம், ஆனால் வடக்கிலோ தெற்கிலோ கணிசமான மக்கள் அதை ஏற்கவில்லையெனில் நடைமுறைப்படுத்துவது இயலாத காரியமாகிவிடும், ஆகவே புண்படுத்தும் சொல் வேண்டாம் என்பது அதன் கருத்து. அவர் பிகாரைச் சேர்ந்தவர், இந்தியில் பற்றுள்ளவர். அவர் வாயிலிருந்து அது வந்ததற்கு ஒரு மதிப்பு இருந்தது.

கோபாலசாமி ஐயங்கார் சமரசத் திட்டத்தை முன்மொழிந்தார். 'முன்ஷி - ஐயங்கார் திட்டம்' என்று அதற்குப் பெயர். தேவநாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழி, எண்கள் மட்டும் சர்வதேச வடிவில், 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும். இன்று படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும், ஆனால் அன்றைய தினங்களில் அனல் பறந்தது பெரிதும் எண்களைப் பற்றித்தான். தேவநாகரி எண்களே வேண்டும் என்று ஒரு சாரார் விடாப்பிடியாக நின்றனர். கோவையைச் சேர்ந்த டி.ஏ. ராமலிங்கம் செட்டியார் எழுந்து, இது தெற்கத்தியர்களுக்கு வாழ்வா சாவா என்ற பிரச்னை என்று எடுத்துரைத்தார். செப்டம்பர் 14 அன்று திட்டம் ஏற்கப்பட்டது. 'தேசிய மொழி' என்ற சொல்லாட்சி சாசனத்துக்குள் வரவில்லை. 343-ஆவது பிரிவு 'ஒன்றியத்தின் ஆட்சிமொழி' என்றே பேசுகிறது.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இந்தி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஆட்சிமொழியானது என்று தமிழக மேடைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்படுகிறது. அரசியல் நிர்ணய சபையில் அப்படியொரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. காங்கிரஸ் கட்சிக்குள் நடந்த கூட்டத்தில் முதலில் 78-க்கு 78 என்று சமமாகி, பின்னர் ஒரு வாக்கில் இந்தி வென்றது என்று 1955-இல் வெளியான மொழிவாரி மாநிலங்கள் பற்றிய தமது நூலில் அம்பேத்கர் எழுதினார். அந்த வாக்கு மொழியைப் பற்றியதன்று, எண்களைப் பற்றியது என்று கூறுவோரும் உண்டு. எதுவாயினும் அது கட்சி அறைக்குள் நடந்தது, அவைப் பதிவில் இல்லாதது.

15 ஆண்டு கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிந்தபோது தமிழகத்தில் என்ன நடந்தது என்பதை இவ்வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராஜேந்திர பிரசாத் 1949-இல் அஞ்சியது அப்படியே பலித்தது. ஆட்சிமொழிச் சட்டம் 1967-இல் திருத்தப்பட்டு, ஆங்கிலம் தொடர்வதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

'சம்விதான்' தொடர் இந்தியும் ஆங்கிலமுமாக எடுக்கப்பட்டது என்பதை இந்தப் பின்னணியில் குறிப்பிடாமல் இருக்க முடியாது. துலேகரின் இரண்டாம் நாள் பேச்சுக்கு எழுந்த எதிர்ப்பை, இவ்விரு மொழிகளும் தெரிந்த ஒருவரால்தான் அதன் முழுச் சுவையோடு பின்தொடர முடியும். நாடாளுமன்றத்தின் பணத்தில் எடுக்கப்பட்ட தொடர், எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் முதல் நாளிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை, நேரக் கணக்கில் இருக்கிறது. 165 நாள் விவாதத்தைச் சுமார் பத்து மணி நேரத்தில் அடக்கினால், பெரிய தலைவர்களுக்கு இடம் கொடுத்த பிறகு மற்றவர்களுக்கு நிமிடங்களே மிஞ்சும். அந்தச் சபையிலிருந்த 15 பெண்களில் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயிணி வேலாயுதன் ஆகிய மூவரும் சென்னை மாகாணத்திலிருந்து தேர்வானவர்கள். தாட்சாயிணி, சபையில் இருந்த ஒரே தலித் பெண், இளம் உறுப்பினர்களில் ஒருவர். அவரைப் பற்றி மட்டுமே ஓர் அத்தியாயம் எடுக்கலாம். மொத்தம் 7,635 திருத்தங்கள் அளிக்கப்பட்டு, 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை தோற்றன. தோற்ற திருத்தங்களின் வரலாறு இன்னும் யாராலும் திரையில் சொல்லப்படவில்லை.

மூன்றாவது பிரிவும் தெலங்கானாவும்

தோற்ற திருத்தம் ஒன்றுக்கு 2014-இல் புது உயிர் வந்தது. மாநிலங்களின் எல்லையையும் பெயரையும் மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் மூன்றாவது பிரிவு, 1948 நவம்பர் நடுவில் விவாதத்துக்கு வந்தது. எந்த மாநிலத்தைப் பிரிக்கப்போகிறார்களோ, அந்த மாநிலச் சட்டப்பேரவையிலிருந்தே அதற்கான யோசனை புறப்பட வேண்டும் என்று கே.டி. ஷா திருத்தம் கொண்டுவந்தார். பேராசிரியரான அவர், சபையில் ஓயாமல் திருத்தங்கள் கொடுத்து, ஓயாமல் தோற்றவர். இதிலும் தோற்றார். சட்டப்பேரவையின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை என்ற நிலையே நின்றது.

65 ஆண்டுகள் கழித்து, 2014 ஜனவரி 30 அன்று ஆந்திரப் பிரதேசச் சட்டப்பேரவை மறுசீரமைப்பு மசோதாவை நிராகரித்துத் தீர்மானம் போட்டது. கருத்துக் கேட்டாயிற்று, சாசனப்படி அது போதும் என்று மத்திய அரசு மேலே சென்றது. மக்களவையில் ஒளிபரப்பு நின்ற அந்தப் பிப்ரவரிப் பிற்பகலின் வேர், கே.டி. ஷா தோற்ற 1948 நவம்பரில் இருக்கிறது. தெலங்கானா மக்களின் பல்லாண்டுக் கோரிக்கை நியாயமானதா என்பது தனிக் கேள்வி. ஒரு மாநிலத்தை அதன் பேரவையின் விருப்பத்துக்கு மாறாகப் பிரிக்கும் அதிகாரம் எப்படி வந்தது என்பதை அறிந்துகொள்ள விரும்பிய வாக்காளருக்கு, அந்த மாதத்தில் விவாதப் பதிவைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

2019 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டபோது அதே மூன்றாவது பிரிவு மறுபடியும் பேசப்பட்டது. அப்போது அங்கே சட்டப்பேரவையே இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த மாநிலத்தின் பேரவைக்கான இடத்தில் நாடாளுமன்றமே அமர்ந்து, தன் கருத்தைத் தானே கேட்டுக்கொண்டது. கே.டி. ஷாகூட இப்படியொரு சூழலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

தொடருக்குப் பின்

'சம்விதான்' தொடரைத் தயாரித்த தொலைக்காட்சியின் ஆயுள் பத்தாண்டுகள்தான். மக்களவைத் தொலைக்காட்சியும் மாநிலங்களவைத் தொலைக்காட்சியும் இணைக்கப்பட்டு, 2021 செப்டம்பர் 15 அன்று 'சன்சத் டிவி' தொடங்கிவைக்கப்பட்டது. இரு அவைகளுக்கும் தனித்தனியே அமைப்புகள் எதற்கு என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. செலவு குறையலாம், ஆள்பலம் ஒன்றுபடலாம். ஆனால் அரசு கையில் இருந்த தூர்தர்ஷனுக்கும் விளம்பரதாரர் கையில் இருந்த தனியார் அலைவரிசைகளுக்கும் நடுவில், எதிர்க்கட்சிகளும் உறுப்பினர்களாக உள்ள ஓர் அவையின் பெயரில் இயங்கிய தொலைக்காட்சி என்ற அந்தத் தனித்த இடம், அந்தச் சிறிது காலத்தில்தான் இப்படியொரு தொடரைச் சாத்தியமாக்கியது.

நாடாளுமன்றத்துக்குத் தொலைக்காட்சி வந்த கதையும் நெடியது. குடியரசுத் தலைவர் உரை முதன்முதலாக நேரடியாகக் காட்டப்பட்டது 1989 டிசம்பர் 20 அன்று. கேள்வி நேரம் திரையில் வந்தது 1991-இன் கடைசியில். மக்களவைக்குத் தனித் தொலைக்காட்சி 2006-இல். காட்டலாமா, எவ்வளவு காட்டலாம், கூச்சல் எழும்போது கேமராவை எங்கே திருப்பலாம் என்பதெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் சர்ச்சையானது. எந்தக் கட்சி எதிர்வரிசையில் அமர்கிறதோ அது தன் உறுப்பினர்கள் திரையில் காட்டப்படுவதில்லை என்று குறை சொல்வதும், ஆளும் வரிசைக்கு மாறியதும் அதை மறப்பதும் தில்லியில் பழகிப்போன வழக்கம்.

தொடரின் களமான மைய மண்டபமும் தன் பழைய நிலையில் இல்லை. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. செப்டம்பர் 19 அன்று இரு அவை உறுப்பினர்களும் மைய மண்டபத்தில் கூடி விடைபெற்றுக்கொண்டு புதிய கட்டடத்துக்குச் சென்றனர். பழைய கட்டடத்துக்கு 'சம்விதான் சதன்' என்று பெயரிடப்பட்டது. பெனகல் தம் தொடருக்கு வைத்த பெயரே ஒன்பது ஆண்டுகளில் கட்டடத்தின் பெயரானது தற்செயல்தான்.

2024 பொதுத் தேர்தலில் அரசியல் சாசனமே பிரசாரத்தின் மையப் பொருளானது. சிவப்பு அட்டையிட்ட சிறிய பிரதிகள் கூட்டங்களில் உயர்த்திக் காட்டப்பட்டன. சாசனத்தை மாற்றப்போகிறார்கள் என்று ஒரு தரப்பும், நெருக்கடி நிலையில் அதைச் சிதைத்தவர்கள் யார் என்று மறு தரப்பும் மோதின. சாசனம் ஏற்கப்பட்டு 75 ஆண்டுகள் ஆனதையொட்டி அவ்வாண்டு டிசம்பர் 13, 14 தேதிகளில் மக்களவையிலும், 16, 17 தேதிகளில் மாநிலங்களவையிலும் சிறப்பு விவாதம் நடந்தது. அந்த நான்கு நாள்களும் 1946-49 பற்றிப் பேசப்பட்டதைவிட 1975 பற்றியும் 2014-க்குப் பிந்தைய ஆண்டுகள் பற்றியும் பேசப்பட்டதே மிகுதி. அம்பேத்கர் பெயரைச் சொல்லித் தொடங்கிய விவாதம், அவர் பெயராலேயே அவைக்கு வெளியே தள்ளுமுள்ளுவாக முடிந்தது. டிசம்பர் 19 அன்று நாடாளுமன்ற வாயிலில் உறுப்பினர்கள் காயமடைந்து மருத்துவமனைக்குப் போனார்கள். 2014 பிப்ரவரியில் பார்த்த காட்சியின் இன்னொரு பதிப்பு.

அதற்கு நான்கு நாள்கள் கழித்து, டிசம்பர் 23 அன்று ஷியாம் பெனகல் மும்பையில் காலமானார். வயது 90. இரங்கல் குறிப்புகளில் 'அங்குர்', 'மந்தன்', 'பூமிகா' படங்களும் 'பாரத் ஏக் கோஜ்' தொடரும் முன்னிடம் பெற்றன. 'சம்விதான்' பெரும்பாலும் ஒரு வரியில் வந்துபோனது.

தொடர் இணையத்தில், யூடியூபில் இருக்கிறது. 12 தொகுதி விவாதப் பதிவும் மக்களவையின் இணையதளத்தில் கிடைக்கிறது. தொடரைப் பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போகிறவர்கள் 1949 நவம்பர் 25 அன்றைய அம்பேத்கர் உரையைத்தான் முதலில் தேடுவார்கள். அதற்கு முன்னதாக, அவ்வாண்டு செப்டம்பர் நடுவில் நடந்த மூன்று நாள் மொழி விவாதத்தை முழுமையாகப் படிப்பது நல்லது. ஒரே நாளில் வாக்கெடுத்து முடித்திருக்கக்கூடிய விஷயத்துக்கு, எண்ணிக்கையில் சிறுபான்மையான தெற்கத்திய உறுப்பினர்கள் 15 ஆண்டு அவகாசத்தையும் சர்வதேச எண்களையும் எப்படி வாங்கினார்கள் என்பது அதிலே வரிக்கு வரி இருக்கிறது.